ஊற்றங்கரையின் இடக்கைக்காரர்கள்

நோட்டீசை அப்பா என்னிடம்தான் நீட்டினார். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"என்னம்மா போட்டிருக்கு?"

புனித ஊற்றை அதன் நிர்வாகம் பழையபடி மாற்றப் போகிறதாம். பழைய படத்தில் ஊற்றுக்கு வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறதாம். அதனால் அங்கே இருக்கும் எங்கள் தெரு மொத்தமும் ஆக்கிரமிப்பு. வியாழக்கிழமை இடிப்பார்கள். ஆதாரம், ஆவணக் காப்பகத்தின் படக்குறிப்பு: "ஊற்றின் வலப்பக்கம் குடியிருப்பு இல்லை, வெற்று நிலம்." அதன் கீழே ஒரு கையெழுத்து.

அப்பா அதன் மேல் விரலை வைத்தார். "இது உன்னோடது மாதிரி இருக்கே?"

"என்னோடதுதான்ப்பா."

"அப்போ சரியாத்தான் எழுதியிருப்பே" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தார்.

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நகரத்தின் புனித இடங்களை நூற்றைம்பது வருடத்துக்கு முன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள் இருநூறு. அவற்றுக்குக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. கண்ணில் படுவதை மட்டும் எழுது, சொந்த யோசனையைக் கலக்காதே என்பது காப்பக விதி. எழுதினேன். இருநூறையும் மூன்றே மாதத்தில் முடித்ததற்குப் பாராட்டு வேறு.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்து லென்சை வைத்தேன். ஊற்றங்கரையில் ஒரு நாவிதர் இடக்கையால் சவரம் செய்கிறார். பக்கத்தில் கணக்கர் இடக்கையால் எழுதுகிறார். தண்ணீர் மொள்பவர்களுக்கும் இடக்கை. ஒருத்தன் என்றால் சரி, ஊரே இடக்கையா?

செதுக்கியவன் ஓவியத்தைத் திருப்பாமல் அப்படியே தகட்டில் ஏற்றியிருக்கிறான். அச்சடித்ததும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தாளில் இடம் வலமாக விழுந்துவிட்டது. படத்தின் இடப்பக்கம் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள்தான் எங்கள் தெரு. நிஜத்தில் வெற்று நிலம் எதிர்ப்பக்கம். அங்கேதான் இன்று ஊற்று நிர்வாகத்தின் நான்கு மாடி விடுதி நிற்கிறது.

காப்பாளரிடம் ஓடினேன். லென்சில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிரமாதம்மா! கட்டுரையா எழுது, நம்ம இதழ்ல போட்டுடலாம்."

"சார், வீட்டை இடிக்கப் போறாங்க."

"குறிப்பைத் திருத்தணும்னா குழு கூடணுமே. ரெண்டு மாசம் ஆகும்."

"வியாழக்கிழமை சார்!"

"எழுதும்போதே பார்த்திருக்கலாமே" என்றார் மெதுவாக. படத்தின் நகலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊற்று நிர்வாக அலுவலகத்தில் அதிகாரி படத்தைத் தொடக்கூட இல்லை. "அன்னிக்குப் படிச்சவளா எழுதினீங்க. இன்னிக்கு வீட்டுக்காரியா பேசறீங்க. நான் எதை எடுத்துக்க?"

"கண்ணு இருக்கில்ல, பாருங்களேன் சார்!"

"இடக்கையாலயும் சவரம் பண்ணலாம்மா. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

மத்தியானம் வீடு திரும்பினால் அப்பாவின் மெஷினைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு நோட்டீஸ். பக்கத்து வீட்டு அத்தை தன்னுடையதை என் கையில் திணித்தாள்.

"வாசி தாயீ. எனக்காவது வேற மாதிரி போட்டிருக்கானான்னு பாரு."

வாசித்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. வெற்று நிலம் என்ற இடத்தில் அத்தை நிறுத்தினாள்.

"வெத்து நிலமா? என் மாமியாருக்கு மாமியார் குடித்தனம் பண்ணின வீடுடி! இதை எழுதின மகராசி யாரு? கீழே கையெழுத்து இருக்குமே, யாருன்னு பாரு."

அப்பா சட்டென்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஊசியில் நூலும் இல்லை, அடியில் துணியும் இல்லை. தடதடவென்று அது மட்டும் ஓடியது.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, புள்ள சொல்றது கேக்கல" என்றாள் அத்தை.

அவர் நிறுத்தவில்லை. நான் அடுத்த நோட்டீசுக்குக் கையை நீட்டினேன்.