நாகேந்திரன் அறுத்த பெட்டிகள்

கள்ளிக்குப்பம் பொன்னியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், 2017ஆம் வருடம், வேம்புலி தன் கையால் அறுத்து ஒட்டிய நான்கு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் முதன்முதலாக ஒலித்தபோது, எதிரே நின்றிருந்த நூற்றுப் பதினான்கு பேர் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே எழும்பினார்கள். பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார்கள். யார் கையிலிருந்த கூழும் சிந்தவில்லை. பாட்டு நின்றதும் இறங்கி, கழன்று விழுந்த செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு, அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தரையிலேயே நின்றவன் நாகேந்திரன் மட்டும்தான். பதினாறு வருடம் அதே கோயிலுக்கு சவுண்ட் சர்வீஸ் போட்டவன் அவன். அந்த வருடம் கோயில் கமிட்டி வேலையை வேம்புலிக்குக் கொடுத்துவிட்டது.

நாகேந்திரனின் மனைவி ராதிகா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றாள். கீழே குனிந்து பார்த்தாள். "இன்னாய்யா, நீ மட்டும் கீழயே நின்னுகினு கீற?" என்றாள். அவள் கேலியாகக்கூடக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டாள். அதனால்தான் அது அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

நாகேந்திரனும் வேம்புலியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வேம்புலியின் அப்பா நாகேந்திரன் குடும்பத்து நிலத்தில் நாற்று நட்டவர். அந்த நிலம் பிளாட்டாகி விற்றுப்போனதில் நாகேந்திரன் கம்பெனி ஸ்பீக்கர்களை வாங்கினான், வேன் வாங்கினான், வேன் கதவில் தன் பெயரை மூன்று வண்ணத்தில் எழுதினான். வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரிக்கு மர அச்சு செய்துகொண்டிருந்தான். பவுண்டரி மூடியதும் வீட்டு வாசலில் பிளைவுட் பலகைகளை அடுக்கி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆரம்பித்தான். நாகேந்திரன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், சாமியானாக்காரர்களிடம் பேசும்போதெல்லாம், தச்சு வேலையும் சவுண்டும் ஒன்றா என்று சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு யாரும் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அண்ணனூரிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் வேம்புலியைத் தேடி வந்தார்கள். மூட்டு வலிக்காரர்கள் பத்திரிகை இல்லாமலே கல்யாணங்களுக்கு வந்து முன்வரிசையில் நின்றார்கள். பந்தல் போடுகிறவர்கள் ஒரு முழம் உயர்த்திக் கட்டப் பழகினார்கள். ஒரு மாப்பிள்ளை நான்கு விரற்கடை உயரத்தில் நின்று தாலி கட்டினான். ஐயர் அதற்கு மேலே நின்று மந்திரம் சொன்னார். நாகேந்திரன் ஒவ்வொரு விழாவுக்கும் போனான். முன்னால் நின்றான், பக்கவாட்டில் நின்றான், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், ஒரு முறை காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றான். கால் தரையை விட்டு எழும்பவில்லை. ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தெரிந்த முகம் அவனுக்கே பிடிக்காமல் போயிற்று.

கொரோனா வந்து இரண்டு வருடம் எல்லோருடைய பெட்டிகளும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அந்த ஓய்வில்தான் நாகேந்திரன் வெட்கத்தை விட்டு வேம்புலியின் வீட்டுக்குப் போனான். பெட்டியின் அளவு வேண்டும் என்றான். வேம்புலி உள்ளே போய் நான்காக மடித்த ஒரு தாளோடு வந்தான்.

"இந்தா, எட்துகினு போ மாமே. இதுல இன்னா ரகசியம் கீது?"

நாகேந்திரனுக்கு ஆத்திரமாக வந்தது. ஒளித்திருந்தால் திருடியிருக்கலாம். கேட்டதும் கொடுத்துவிட்டதால், ஏதோ ஒரு அளவை வேம்புலி மாற்றித்தான் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். வேறு பெயரில் ஆள் அனுப்பி ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்து, திருகுகளைக் கழற்றிப் பார்த்தான். பதினெட்டு மில்லி பிளைவுட், மூலைகளில் ரீப்பர் கட்டை, உட்சுவரில் பஞ்சு, காற்று வெளியேறக் கீழே ஒரு நீளத் துளை. எல்லாம் தாளில் எழுதியபடியே மில்லி பிசகாமல் இருந்தன. அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்தான்.

அதுவரை ஆணிகூட அடித்திராத நாகேந்திரன் பலகை அறுக்கக் கற்றுக்கொண்டான். ஏழு மாதம் ஆனது. அதற்குள் விழாக்கள் மறுபடி தொடங்கியிருந்தன. முதல் பெட்டி கோணியது, இரண்டாவதில் காற்று கசிந்தது. ரம்பம் ஓடும்போதெல்லாம் அவன் மனதில் வேம்புலி அன்றைக்கு எந்த ஊரில், எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே ஓடியது. இடது கட்டைவிரலில் நகம் போயிற்று. நான்கு பெட்டிகளும் முடிந்தபோது, பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று பெற்றவனுக்கே தெரியாத அளவுக்கு இருந்தன.

வேப்பம்பட்டில் ஒரு புதுமனைப் புகுவிழாவில் அவற்றை முதன்முதலாகப் பாடவிட்டான். எதிரே நின்றவர்கள் கணுக்கால்வரை தரையில் இறங்கினார்கள். யாருக்கும் வலிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் காலை உருவிக்கொண்டார்கள். ஆனால் அன்றுதான் பதித்த கிரானைட்டில் இருபத்தாறு ஜோடிப் பள்ளங்கள், விரல் விரலாக, அப்படியே நின்றுவிட்டன. வீட்டுக்காரர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

செய்தி கேட்டு மறுநாள் வேம்புலி வந்தான். ஒரு பாட்டைப் போடச் சொல்லி, நாகேந்திரன் வீட்டு வாசலில், பெட்டிகளுக்கு நேர் எதிரே நின்றான். மண் அவன் பாதங்களை மூடியது. கடைசிவரை கேட்டான்.

"சத்தம் சுத்தமா கீது. அறுப்பும் நல்லா கீது. கால்தான் உள்ள இய்க்குது" என்றான்.

"உன் பொட்டியில நீ ஏறுவியா?" என்று கேட்டான் நாகேந்திரன்.

"ஒருக்காகூட ஏறல மாமே. நான் மிக்சர்கிட்ட குந்திகினு கீறதால யாரும் பாக்கல." வேம்புலி மண்ணிலிருந்து ஒரு காலை உருவினான். "உன் வேன் எங்க தெருவுல போச்சுன்னா எனக்கு வயிறு எரியும். அத்த நெனச்சுகினேதான் அந்த நாலையும் அறுத்தேன்."

நாகேந்திரன் தன் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். இவனும் அதே நெருப்பில்தான் அறுத்திருக்கிறான். ஆனாலும் இவனுடையது தூக்குகிறது, தன்னுடையது புதைக்கிறது. அந்த எண்ணம் முன்பு இருந்ததைவிட மோசமாக அரித்தது. ராதிகா இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். நாகேந்திரன் குடிக்கவில்லை.

நான்கு மாதம் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. பிறகு குணசேகரன் என்ற வட்டச் செயலாளர் வந்தார். அவருடைய கட்சிக் கூட்டங்களில் தலைவர் பேச எழுந்தாலே ஜனங்களும் எழுந்து போய்விடுகிறார்கள். "எத்தினி மணி நேரம் புட்ச்சு வெக்கும் உன் பொட்டி?" என்று கேட்டார். நிறுத்தும்வரை பிடிக்கும் என்றான் நாகேந்திரன். ஆவடி மைதானத்தில் நான்காயிரம் பேர் மூன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்று நன்றியுரைவரை கேட்டார்கள். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். அதன்பின் பள்ளி ஆண்டு விழாக்கள், கம்பெனிக் கூட்டங்கள். நாகேந்திரன் இன்னும் எட்டுப் பெட்டிகள் அறுத்தான். கூட்டத்துக்குப் போகிறவர்கள் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். மண் ஈரமாக இருந்தால் கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்கள்.

போன மாசியில் பூந்தமல்லியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு வேம்புலியும் வந்தான். ஐந்தாவது வரிசையில் நின்றான். பேச்சாளர் இரண்டாவது மணி நேரத்தில் இருந்தார். வேம்புலி பேச்சைக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், பிறகு எங்கும் போக முடியாமல் நின்ற அந்த ஜனத்தைப் பார்த்தான், பிறகு மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாகேந்திரனைப் பார்த்தான். வேம்புலியின் அந்த முகத்தை நாகேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் கண்ணாடியில் பார்த்த முகம். மார்புக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து இறங்கியது. விரலை நீட்டி, பேஸை ஒரு கோடு கூட்டினான்.

கூட்டத்தில் இருந்த எல்லோரும் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கினார்கள். வேம்புலி குனிந்து பேன்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, கையைக் கட்டி நின்றான்.