நாலாம் நம்பர் நாற்காலி

"அண்ணே! மூச்சு விடுங்கண்ணே! டேய், கதவைத் திறங்கடா! அண்ணே, கண்ணை மூடாதீங்கண்ணே!"

காலை ஆறு இருபதுக்குத் தெருவே அதிர்ந்தது. எதிர்வரிசை வீடுகளின் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. வாக்குப்பதிவு நாளில் ஒலிபெருக்கி கூடாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் பிரச்சார வேனை ஓட்டி வந்தவர்கள் மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். வேனுக்குள் அவர்கள் பதறியதெல்லாம் மேலே இருந்த கூம்பு வழியாக ஊர்முழுக்க ஒலித்தது.

மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த டயாலிசிஸ் பிரிவில் ஆறு நாற்காலிகள், ஆறு மெஷின்கள். ஐந்து பேருக்கு ஏற்கெனவே ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் நம்பர் நாற்காலியில் இருந்த வாத்தியாரின் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார் சிஸ்டர். ஊசி போட வேண்டியதுதான் பாக்கி.

"யாரோ அண்ணன் போகப் போறாராம்" என்றார் வாத்தியார். "கூட்டத்துக்குக் கத்தற மாதிரியே கத்தறாங்க. சாவிக் கட்சிக்காரங்களா இருக்கும்."

கதவு டமாலென்று திறந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர், பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு பெண். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாத்தியாரின் முகம் மாறியது.

டிரைவர்.

முகம் உப்பி, கண் இரண்டும் இடுங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கால்கள் தூண்போல வீங்கியிருந்தன. சட்டைப்பையில் மட்டும் சாவிச் சின்னம் பளபளத்தது.

டிரைவரும் வாத்தியாரும் செவ்வாய், வியாழன், சனி என்று இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள். டிரைவர் சாவிக் கட்சி. வாத்தியார் குடைக் கட்சி, அதுவும் நாற்பது வருடமாக. எதிரே சுவரில் டிவி. செய்தி ஆரம்பித்தால் இவர்களும் ஆரம்பிப்பார்கள். டிரைவருக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. ஊசி குத்திய கை அசைந்தால் மெஷின் 'பீப் பீப்' என்று அலறும். அதனால் சிஸ்டர் ஒரு சட்டமே போட்டிருந்தார்: அலாரம் அடித்தால் டிவி கட்.

"நாட்டிலேயே பேச்சுரிமையை மெஷின் வச்சுப் பறிக்கிற ஒரே இடம் இதுதான்" என்பார் வாத்தியார்.

"பேச்சு வாய்க்குத்தான் சார். கைக்கு இல்லை" என்பார் சிஸ்டர்.

இப்போது டிரைவருக்கு வாய்கூட ஓடவில்லை.

"செவ்வாய்க்கிழமை ஏன் வரலை?" என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார்.

"கடைசி நாள் பிரச்சாரம்னு போயிட்டார் சிஸ்டர்" என்று அழுதார் டிரைவரின் மனைவி. "ஒரு நாள்தானேன்னு சொன்னார். எழுபது வீடு ஏறி இறங்கியிருக்கார்."

எடை பார்த்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது இருந்ததைவிட ஏழு கிலோ கூடுதல். ஏழு கிலோவும் தண்ணீர். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பு, உள்ளே போனதை வெளியே விடாது. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளருக்கு மேல் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் சிஸ்டர்.

"என்னத்தைக் குடிச்சீங்க? குளத்தையா?"

டிரைவர் முகமூடியைச் சற்று விலக்கினார். "ஓட்டு... கேக்கப் போன வீட்ல... தண்ணி கொடுத்தா... வேணாம்னு சொன்னா... ஓட்டு விழுமா சிஸ்டர்?"

ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் ஜூஸ். ஒருவர் மனதையும் புண்படுத்தாமல் எழுபது வீட்டிலும் வாங்கிக் குடித்திருக்கிறார் மனிதர்.

டாக்டர் மாடியிலிருந்து ஓடி வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் நிமிர்ந்து சொன்னார். "நுரையீரல் முழுக்கத் தண்ணி. இப்பவே மெஷின்ல போடணும். மேல இருக்கிற எமர்ஜென்சி மெஷின் ரிப்பேர். இங்க எது காலி?"

சிஸ்டர் ஆறு நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார். டிரைவர் இன்றும் வரமாட்டார் என்று அவர் நாற்காலியையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஐந்து பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் யாரைக் கழற்றினாலும் ரத்தத்தைத் திருப்பி உடம்புக்குள் விட்டு, மெஷினைக் கழுவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஊசி ஏறாத கை ஒன்றுதான்.

அந்தக் கையின் சொந்தக்காரர் சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட் இருப்பது சிஸ்டருக்குத் தெரியும். பத்து நாளாக அதைத்தான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார் வாத்தியார். மகன் வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடமாகியும் அவர் பெயர் பழைய ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருந்தது. நாலு மணி நேரப் பயணம். பத்தரைக்குள் இங்கே முடித்து, பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்குள் போய்விடலாம். வாக்குப்பதிவு ஐந்து வரை. அதை விட்டால் அடுத்த பஸ் மூன்று மணிக்கு.

"சார்..." என்று இழுத்தார் சிஸ்டர்.

"இன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட் உண்டா?"

"பத்தரையிலேர்ந்து ரெண்டரை வரைக்கும். ஆனா சார், உங்க பஸ்..."

வாத்தியார் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வேணாம்... வாத்தியாரே" என்று டிரைவர் கையை ஆட்டினார். "உங்க ஓட்டு..."

"யோவ், கையை ஆட்டாதே. வாயை மூடிட்டு உட்காரு. சாவிக்காரன் ஒருத்தன் குறைஞ்சா எங்களுக்கு லாபம்தான். ஆனா நீ போயிட்டா சனிக்கிழமை நான் யார்கூடச் சண்டை போடறது? இந்தச் சிஸ்டர் கூடவா? இவங்க டிவியையே அணைச்சுடுவாங்க."

டிரைவரின் மனைவி வாத்தியாரைப் பார்த்துக் கைகூப்பினார். "அண்ணா..."

"அழாதேம்மா. முதல்ல வெளியே போய் அந்த மைக்கை அணைக்கச் சொல்லு. தேர்தல் அதிகாரி வந்து வேனைத் தூக்கிட்டுப் போகப் போறான்."

அடுத்த ஒரு மணி நேரம் சிஸ்டர் நாலாம் நம்பர் நாற்காலியை விட்டு நகரவில்லை. மெஷினில் தண்ணீர் இறங்க இறங்க டிரைவரின் மூச்சிரைப்பும் இறங்கியது. எட்டு மணிக்கு முகமூடி இல்லாமல் பேசினார். ஒன்பது மணிக்கு, "டிவியைப் போடுங்களேன், எத்தனை சதவீதம்னு பார்ப்போம்" என்றார். பிழைத்துவிட்டார் என்று சிஸ்டருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

வாத்தியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அந்த வழியே போகும்போதெல்லாம் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்கு நாலாம் நம்பர் நாற்காலியில் அவர் கைக்கு ஊசி ஏறியது.

"வலிக்குதா சார்?"

"வழக்கமான வலிதான்."

டிரைவரைப் பன்னிரண்டு மணிவரை படுக்க வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்துத்தான் அனுப்பினார் டாக்டர். "நாளைக்குக் காலையில மறுபடி வரணும். நேரா வீட்டுக்குப் போங்க. வழியில யார் தண்ணி கொடுத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நடங்க!"

"ஒரே ஒரு வேலை இருக்கு டாக்டர்" என்றார் டிரைவர். ஓட்டுச்சாவடி இரண்டு தெரு தள்ளித்தான். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நாலாம் நம்பரைத் தாண்டும்போது நின்றார். வாத்தியாரின் காலடியில் கிடந்த போர்வையை இழுத்துச் சரியாகப் போர்த்தினார்.

"போய்யா, போ. சாவியை நல்லா அழுத்தித் திற" என்றார் வாத்தியார்.

அவர் போனதும் அறை அமைதியானது. டிவியில் நீண்ட வரிசைகளைக் காட்டினார்கள். யாரோ ஒரு நிபுணர் வரைபடத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு மனது கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாற்பது வருஷத்துல முதல் தடவையா உங்க கட்சிக்கு ஒரு ஓட்டு குறையுது. வருத்தமா சார்?"

வாத்தியார் கண்ணால் டிவியைக் காட்டினார்.

"ரெண்டு வாரம் முன்னாடி எங்க தலைவர் டிவியில பேசினாரே, ஞாபகம் இருக்கா?"

சிஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. இலவச சிகிச்சைக்கெல்லாம் ஒரு வரம்பு வேண்டும், டயாலிசிஸுக்கு முதல் ஆறு மாதம் மட்டும்தான் அரசு கொடுக்க முடியும் என்று குடைக் கட்சித் தலைவர் சொன்ன நாள் அது. டிரைவர் குதித்தார். மெஷின் மூன்று முறை அலறியது. அன்றைக்கு வாத்தியார் மட்டும் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சிஸ்டர் நினைத்தார்.

"எனக்குப் பென்ஷன் இருக்கும்மா. மகன் இருக்கான். அவர் சொன்னபடியே செஞ்சாலும் நான் எப்படியோ சமாளிச்சுடுவேன்." வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "இந்த மடையனுக்கு என்ன இருக்கு? முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டினவன். ஒரு நாள் வராததுக்கே இந்தக் கதி. ஆறு மாசத்துக்கு அப்புறம் வரவே முடியாதுன்னா?"

"அதனால?"

"அதனாலதான் டிக்கெட் எடுத்தேன். இந்த ஒரு தடவை சாவிக்குப் போட்டுட்டு வரலாம்னு."

சிஸ்டர் வாயைப் பிளந்தார்.

"இதை அவன்கிட்ட சொல்லிடாதே. சொன்னே, நான் வேற ஆஸ்பத்திரிக்கு மாறிடுவேன். சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லியே கொன்னுடுவான்." பிறகு லேசாகச் சிரித்தார். "சரி, என்ன நஷ்டம்? நான் போட இருந்ததை அவன் போடப் போறான். கணக்கு நேராயிடுச்சு."

இரண்டு மணி. வாத்தியாருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. கதவு மெல்லத் திறந்தது. டிரைவர்தான். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"வீட்டுக்குப் போகலையா நீங்க?" என்று சீறினார் சிஸ்டர்.

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர்." முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் இருந்த சின்னத்தைக் காணவில்லை.

"என்னய்யா, குத்தியாச்சா?" என்றார் வாத்தியார்.

"ஆச்சு."

"அப்புறம் என்ன, இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே? பெருமையடி. ஜெயிச்சாச்சுன்னு சொல்லு. இன்னிக்கு நான் பதில் பேசமாட்டேன்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு விரலைப் பார்த்தார். சிஸ்டருக்கு என்னவோ போலிருந்தது. டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வரிசையில நிக்கும்போதெல்லாம் இதேதான் யோசனை" என்றார் டிரைவர். "இவர் எழுந்திரிக்கலைன்னா நான் இங்க நிக்கவே மாட்டேனேன்னு. உள்ளே போனா, பழகின கை நேரா சாவிகிட்டதான் போச்சு."

"போகத்தானே செய்யும்?"

"இழுத்துப் பிடிச்சு உங்க குடையில குத்திட்டு வந்துட்டேன் வாத்தியாரே. அது உங்க ஓட்டு, அதைக் கொண்டுபோய் நான் எப்படி என் கட்சிக்குப் போடுவேன்?"