ராஸ்முசனுக்கு ஒரு வரவேற்புரை

எங்கள் ஆட்களுக்கு வரவேற்புரையும் பொன்னாடையும் இல்லாமல் ஒரு காரியமும் தொடங்காது. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைக்க வந்தவருக்கு முதலில் மாலை போடுவார்கள்.

2009 பங்குனியில், அமெரிக்கக் கீழ்ச்சபை உறுப்பினர் ராஸ்முசன் பிராங்பேர்ட் வழியாகப் போகிறார் என்று தெரியவந்தது. வெளிநாட்டு அலுவல் குழுவில் இருப்பவர். விமான நிலைய ஹோட்டலில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பதினைந்து நிமிடம் தர ஒப்புக்கொண்டார். சங்கத் தலைவர் நித்தியானந்தன் அண்ணை கொலோனிலிருந்து என்னையும் கூட்டிப்போனார். என் தம்பி யூட்சன் வன்னியில், சண்டைக்கு நடுவே, பதுங்குகுழிக்குள் இருந்தான். அவன் மகள் லிசாவுக்குக் காலில் ஷெல் துண்டு. காயக்காரரை ஏற்றும் கப்பலில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த மனிதர் கொழும்புக்கு ஒரு போன் எடுத்தால் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

"முதல்ல நான் ரெண்டு வார்த்தை சொல்லுறன். பிறகு நீங்கள் கதையுங்கோ, பிளோறன்ஸ்," என்றார் அண்ணை.

ராஸ்முசன் வந்ததும் அண்ணை பொன்னாடை போர்த்தினார். பிறகு தாள்களை விரித்தார். தமிழில்தான் வாசித்தார், மொழிபெயர்க்க எங்களோடு வந்த என் மகள் பிறின்சி வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னாள். சோளம் விதைத்த கமக்காரரின் மகன், பால் விற்றுப் படித்தவர், முதல் தேர்தலில் தோற்றவர், அதன்பின் பதினெட்டுத் தேர்தல் தொடர்ந்து வென்றவர். ஒவ்வொரு வெற்றிக்கும் அண்ணை தனித்தனியாக வாழ்த்து வைத்திருந்தார்.

"அண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ," என்று அவர் சட்டையை இழுத்தேன்.

"பொறுங்கோ, இன்னும் எண்பதாம் ஆண்டுக்கே வரேல்லை."

ஆனால் கேட்கக் கேட்க அந்தக் கிழவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டை அரசாங்கம் நிறுத்தப் போனபோது மறித்தவராம். ஒரு போருக்கு எதிராகத் தன் கட்சியில் தனியாளாக வாக்களித்து, ஊரில் கல்லெறி வாங்கியவராம். அதைக் கேட்டபோது ராஸ்முசன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இவர் செய்வார், கட்டாயம் செய்வார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவருடைய செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நேரம் முடிந்துவிட்டதென்று செயலாளர் எழும்பிய பிறகுதான் அண்ணை தாளை மடித்தார். ராஸ்முசன் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

"தன்ரை ஊரிலயே தன்னைப் பற்றி இவ்வளவு ஒருத்தருக்கும் தெரியாதாம். எங்களுக்கு என்ன வேணுமெண்டு கேக்கிறார். அம்மா, கெதியாச் சொல்லுங்கோ!" என்றாள் பிறின்சி.

"லிசா..." என்று தொடங்கினேன்.

"ஒரு படம், ஒரேயொரு படம்!" என்று அண்ணை எல்லாரையும் சுவர்ப்பக்கம் தள்ளினார். படம் எடுத்ததும் செயலாளர் ராஸ்முசனை வெளியே கூட்டிப்போய்விட்டார். பிறின்சி பின்னால் ஓடினாள். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்களாம். அன்றே அனுப்பினோம். பதில் வரவில்லை.

"இப்பிடி ஒரு வரவேற்பு அவருக்கு எங்கையும் கிடைச்சிராது," என்று ரயிலில் அண்ணை பெருமைப்பட்டார். அவரை அடித்துவிடுவேனோ என்று பயந்து நான் எழும்பி வேறு பெட்டிக்குப் போய் அழுதேன்.

அடுத்த கிழமை யூட்சன் யாரோ ஒருவரின் போனில் வந்தான். பின்னால் பிள்ளை அனுங்குவது கேட்டது.

"அக்கா, அந்த அமெரிக்கரிட்டச் சொன்னனீங்களோ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"லிசான்ரை பேரைச் சொன்னனீங்களோ, அக்கா?"

"ஓம் ராசா," என்றேன். "பேரைச் சொன்னனான்."