வெறுந்தாளில் ஒரு கையெழுத்து

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வீரய்யா இருமுவார். அது சளி இருமல் அல்ல, சந்தேக இருமல். மனைவி இராக்கம்மாவின் சாக்கு தராசில் ஏறும். முள் ஆடி அடங்குவதற்குள் கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். வீரய்யா இருமுவார். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தால், "பனி ஜாஸ்திங்க" என்று வானத்தைப் பார்ப்பார். மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் தராசு சரியா பிழையா என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

வீரய்யாவின் சந்தேகம் தராசோடு நிற்பதல்ல. பஸ் கொண்டக்டர் மிச்சக் காசை ஏன் கடைசியில் தருகிறான்? தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஏன் ஒரே வெள்ளை மாத்திரை? அவருடைய சந்தேகங்களில் பாதி நியாயமானவை. எந்தப் பாதி என்பதுதான் அவருக்கும் தெரியாது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய அப்பா ஒரு காலத்தில் வெறுந்தாள் ஒன்றில் பெருவிரலை வைத்தார். "சும்மா வை, அப்புறம் எழுதிக்கலாம்" என்று கங்காணி சொன்னதால் வைத்தார். எழுதிக்கொண்டார்கள். குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்தியைத் தன் சொந்த விருப்பத்தின் பேரில் விட்டுக்கொடுப்பதாக அந்தத் தாள் சொன்னது. தன்னுடைய விருப்பம் இன்னதென்று எல்லோருக்கும் பிறகுதான் அந்த மனிதருக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம்: வெறுந்தாளில் கைவைப்பதில்லை.

வீரய்யாவின் மகள் விஜயலெட்சுமி உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். அரசாங்க அலுவலக எழுதுவினைஞர் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரியிருக்கும் செய்தி, கருவாடு சுற்றிவந்த பத்திரிகையில் அவளைத் தேடி வந்தது. கருவாடு மெதுவாக வந்ததால் செய்தியும் மெதுவாகத்தான் வந்தது. தபாலில் அனுப்ப நாள் இல்லை. ஆனால் இந்த முறை கொம்பியூட்டர் வழியாகவும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. அதற்கும் மறுநாளே கடைசி நாள். அடுத்த பரீட்சை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. கொழுந்து பறிக்க ஆள் எடுக்கும் பெரட்டு மட்டும் தினமும் காலையில் நடக்கும். மாதம் பிறந்ததும் மகளின் பேரைப் பதிவதாக இராக்கம்மா கணக்கப்பிள்ளையிடம் சொல்லியும் வைத்திருந்தாள். பரீட்சை எழுதினால் மேசை, எழுதாவிட்டால் கூடை.

அப்படித்தான் அப்பாவும் மகளும் பசறையில் றஷீனாவின் கொமியூனிகேஷன் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். டெலிபோன், போட்டோ கொப்பி, இப்போது புதிதாக இன்டர்நெட். றஷீனா வேகமான பெண். சுவரில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, விஜயலெட்சுமியை அதன் முன்னால் நிறுத்தினாள்.

"தங்கச்சி, முடியப் பின்னால தள்ளுங்க. ரெண்டு காதும் தெரியணும்."

"காது எதுக்கும்மா?" என்றார் வீரய்யா.

"கவர்மெண்ட் கேக்குதய்யா."

"நம்ம சொல்றத ஒரு நாளும் கேட்டதில்ல. நம்ம காத மட்டும் கேக்குதா?"

"சிரிக்காதீங்க தங்கச்சி. சிரிச்சா படம் சரிவராது."

விஜயலெட்சுமிக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை. அப்பாவோடு கடைக்கு வந்த நாளில் அவள் சிரித்ததே இல்லை.

படம் திரைக்கு வந்தது. றஷீனா எதையோ அழுத்த, மகளின் தோள் இரண்டும் காணாமல் போயின. வீரய்யா எழுந்துவிட்டார்.

"தோளு எங்கம்மா?"

"வெட்டிட்டேன் ஐயா. சொன்ன அளவுக்குத்தானே இருக்கணும்."

"வெட்டுனது எங்க?"

"கீழ விழுந்திருக்கும், பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். றஷீனா உதட்டைக் கடித்துக்கொண்டு, மேசையில் கோடில்லாத வெள்ளைத் தாள் ஒன்றையும் கறுப்புப் பேனாவையும் வைத்தாள். "இந்தாங்க தங்கச்சி, இதுக்கு நடுவுல உங்க கையெழுத்தப் போடுங்க."

காதைப் பற்றியும் தோளைப் பற்றியும் கேட்ட வாய், தாளைக் கண்டதும் மூடிக்கொண்டது. சின்னச் சந்தேகங்களைத்தான் வீரய்யா வாயால் கேட்பார். பெரிய சந்தேகம் வந்தால் இருமுவார். இருமினார்.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. றஷீனா அதை எடுக்கப் போனாள். வீரய்யா மகளின் முழங்கையைப் பிடித்தார்.

"வா, போவோம்."

"அப்பா! இன்னிக்கி விட்டா போச்சு."

"வெறுந்தாளு புள்ள. மேல என்ன எழுதுவாளோ யாருக்குத் தெரியும்?"

"ஏன் வெறுந்தாளுன்னு அவங்கள கேளுங்களேன்."

"கேட்டா உண்மையச் சொல்லிருவாளாக்கும்."

"சரி, அப்ப நான் கேக்குறேன்."

"கேட்டேன்னா இப்பவே பஸ்ஸுல ஏத்திருவேன்." சொல்லிவிட்டு வீரய்யா கொஞ்சம் யோசித்தார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. அது நல்ல அறிகுறி அல்ல. "ஒன்னு செய். போடு. ஆனா உங்கையெழுத்தப் போடாத, வேற என்னத்தையாச்சும் போடு. நாளைக்கி எவனாவது மேல எழுதிக்கிட்டு வந்தா, இது எம்மவ கையெழுத்தே இல்லன்னு சொல்லிரலாம்ல?"

"அது கள்ளம்ப்பா."

"கள்ளம் இல்ல, பாதுகாப்பு."

விஜயலெட்சுமி தாளைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தாள். அந்த பஸ்ஸில் ஏறினால் நேரே கூடைதான். வழக்கமாகத் தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதி, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துவிடுகிறவள், இரண்டு கோட்டையும் ஒரு வளையத்தையும் கிறுக்கி வைத்தாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. வீரய்யாவுக்குப் பரம திருப்தி.

றஷீனா வந்து அதை ஸ்கேன் செய்து, அனுப்பி முடித்து, "இந்தாங்க, தாளு உங்களுக்குத்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள். வீரய்யாவுக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. கள்ளமில்லாதவள் எதற்குத் திருப்பித் தரவேண்டும்? தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, மடுல்சீமை பஸ் ஏறி, வளைவுக்கு ஒரு துண்டாக ஜன்னலால் போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

பரீட்சை பதுளையில் ஒரு பாடசாலையில் நடந்தது. மகளை உள்ளே அனுப்பிவிட்டு வீரய்யா வாசல் கேற்றடியிலேயே நின்றார். உள்ளே என்ன நடக்குமோ என்ற சந்தேகம்தான் காரணம். இந்த முறை அவருடைய சந்தேகம் பலித்தது.

மண்டபத்தின் மேற்பார்வையாளர் கனகசபை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் உத்தியோகம் பார்ப்பவர். அவர் நீட்டிய வரவுத் தாளில் ஒவ்வொருவரும் ஒப்பமிட வேண்டும். விண்ணப்பத்தோடு அனுப்பிய கையெழுத்தும் படமும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தன. விஜயலெட்சுமி கை பழகிய வழியில் பெயரை எழுதி வாலைச் சுழித்தாள். சுழித்த பிறகுதான் பக்கத்தில் இருந்த கோழிக் கிளறலைக் கண்டாள்.

கனகசபையும் கண்டார்.

"பிள்ளை, இது ஆற்றை கையெழுத்து?"

"என்னோடதுதான் சேர்."

"அப்ப அது?"

"அதுவும்... நான் போட்டதுதான் சேர்."

"ஒராளுக்கு எத்தினை கையெழுத்து? அடையாள அட்டையிலை ஒண்டு, இதிலை வேறை ஒண்டு. நீர் ஆருக்குப் பதிலா வந்தனீர்?"

"படம் நான்தானே சேர்."

"படத்தை நம்பேலாது. எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு, ஒருத்தரும் சிரிக்கேல்லை." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "ஆள்மாறாட்டம் எண்டா என்ன தண்டனை எண்டு தெரியுமோ?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. விஜயலெட்சுமி சொன்னதில் பாதி அழுகையில் கரைந்துவிட்டது. மீதிப் பாதியில் 'அப்பா' என்பதும் 'கேற்' என்பதும் மட்டும் விளங்க, கனகசபை காவல்காரரை அனுப்பி வீரய்யாவைக் கூப்பிட்டார்.

மகள் மண்டப வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வினாத்தாள் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்ட வீரய்யாவுக்கு, தன் பிள்ளையை ஒருவர் கள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் எப்படியிருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. இருமல் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"ஐயா, அவமேல தப்பில்ல. நாந்தான் கள்ளக் கையெழுத்துப் போடச் சொன்னேன்."

"ஏன் சொன்னனீங்கள்?"

"கடையில வெறுந்தாள நீட்டுனாங்க. பயந்துட்டேன்."

கனகசபை அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்ல வந்தவர்கள் இதைவிட நல்ல கதையாகக் கொண்டுவந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி. பிள்ளையை எழுத விடுறன். ஆனா நடந்ததை நீங்கள் எழுத்திலை தரவேணும், நான் மேலிடத்துக்கு அனுப்பவேணும்." அவசரத்தில் மேசையிலிருந்து ஒரு தாளை உருவி, பேனாவோடு நீட்டினார். "கீழை ஒப்பம் வையுங்கோ. மேலை நான் ஆறுதலா எழுதுறன்."

வெறுந்தாள்.

வீரய்யா தாளைப் பார்த்தார். தராசு முள்ளைப் பார்ப்பதைவிட நீண்ட நேரம் பார்த்தார். அப்பாவின் பெருவிரல் அந்தத் தாளின் அடியில் கறுப்பாகத் தெரிவதுபோல இருந்தது. கைவசம் இன்னொரு வழியும் இருந்தது: தானும் ஒரு கோழிக் கிளறலைக் கிளறிவிடலாம். கை அதற்குத் தயாராகவே இருந்தது. மகள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. வெறுந்தாளுல நான் போடமாட்டேன்."

"என்ன? பரீட்சை தொடங்கப்போகுது!"

"தெரியுதுங்க. நீங்க எழுதுங்க. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போடுறேன். என் சொந்தக் கையெழுத்தையே போடுறேன்."

கனகசபையின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளையாகத்தான் இருந்தது. கோபம் மெல்ல இறங்கியது.

"நீங்கள் சொல்லுறதுதான் சரி," என்றார். "நான்தான் அப்பிடி நீட்டியிருக்கக் கூடாது." உட்கார்ந்து எழுதத் தொடங்கியவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "இவ்வளவு வடிவாக் கேக்கத் தெரிஞ்ச மனுசன், அண்டைக்கு அந்தக் கடையிலை ஏன் கேக்கேல்லை?"

வீரய்யா வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

எழுதியதைக் கனகசபை வாசித்தார். 'ஏமாற்றும் நோக்கில்' என்ற இடத்தில் வீரய்யா கையைத் தூக்கினார். "ஏமாத்த இல்லீங்க. பயத்துல." கனகசபை வெட்டிவிட்டு 'பயத்தினால்' என்று எழுதினார். வீரய்யா நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல், தன் பெயரை எழுதினார். விஜயலெட்சுமி உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரம் போயிருந்தது. முழுதாகப் போய்விடவில்லை.

திரும்பும் வழியில் பசறையில் பஸ் மாறவேண்டும். வீரய்யா றஷீனாவின் கடைப் படியில் ஏறினார்.

"தங்கச்சி, அன்னிக்கி ஏன் வெறுந்தாளுல கையெழுத்துக் கேட்டீங்க?"

"தாளுல கோடோ எழுத்தோ இருந்தா அதுவும் சேந்து படத்துல வந்துரும் ஐயா. கையெழுத்து மட்டும்தானே வேணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

விஜயலெட்சுமி அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீரய்யாவின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்த மறுநாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வழக்கம்போல வரிசை நின்றது. இராக்கம்மாவின் சாக்கு தராசில் ஏறியது. முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கணக்கப்பிள்ளை எண்ணைச் சொன்னார். இருமலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"முள்ளு நிக்கட்டுங்க," என்றார் வீரய்யா. "நின்னதும் எங்களுக்குக் காட்டிட்டு எழுதுங்க."

வரிசை மூச்சை அடக்கியது. இராக்கம்மா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன வீரய்யா, சந்தேகமா?" கணக்கப்பிள்ளையின் குரல் கடினமாக வந்தது.

"ஆமாங்க. சந்தேகந்தான், அதான் கேக்குறேன்." வீரய்யா வரிசையின் பக்கம் திரும்பினார். "இத்தன வருசமா வாயத் தொறக்காம இருமிக்கிட்டே இருந்தேன். அதனால தராசு மாறல, எம்மவதான் கள்ளின்னு பேரு வாங்கப் பாத்தா. சந்தேகப்படுறது தப்பில்ல. ஆனா வந்த சந்தேகத்த மொகத்துக்கு நேரா கேட்டுரணும். கேக்காம மனசுல பூட்டி வச்சா, ஏமாத்துறவன் தப்பிச்சிருவான். ஒரு பாவமும் அறியாதவங்கதான் மாட்டிக்குவாங்க."

கணக்கப்பிள்ளை முள் நிற்கும்வரை நின்றார். நின்றதும் ஓர் எண்ணைச் சொன்னார்.

அது முதலில் சொன்ன எண் அல்ல.

வீரய்யா இருமவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பெண்தான் தன் சாக்கைத் தூக்கி வைத்துவிட்டு, "எனக்கும் முள்ளு நிக்கட்டுங்க" என்றாள்.