மூன்றாம் படிவு

என் மகள் ரவிவன் தன் ஆய்வில் பொய்க்கணக்கு எழுதினாள் என்று பேராசிரியர் தவீ எல்லோர் முன்னாலும் சொன்னார். தாய்லாந்தின் இந்த ஹாட் யாய் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடமாக மாதிரி தயாரிப்பவன் நான். எங்கள் குடும்பத்தை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கும் கரைசலுக்குள் நேரான சங்கிலி பாம்புபோல் நெளிந்து போய்விடும். மூன்று கிளை கொண்ட மூலக்கூறால் அது முடியாது. ஒரு கிளையைத் தன்பக்கம் இழுத்துச் சுருட்டினால்தான் ஓரடி நகரும். ரவிவன் சாயமேற்றிய கிளை மூலக்கூறுகளை லேசரில் அளந்தாள். அவை வேகமாக ஓடின.

"மரம் ஓடுதுன்னு எழுதியிருக்கியேம்மா! நம்பரை நீயே போட்டுட்ட. வெள்ளிக்கிழமை பூத்தட்டோட வந்து மன்னிப்புக் கேளு. இல்லேன்னா ஆய்வேட்டுல கையெழுத்துக் கிடையாது," என்றார் தவீ.

"அளந்ததத்தான் எழுதினேன், ஆஜான்," என்றாள் அவள். ஆஜான் என்றால் ஆசிரியர்.

பூவும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் வைத்த தட்டோடு பெரியவர் முன் மண்டியிடுவது எங்கள் வழக்கம். தப்பு செய்தவருக்கு.

வீட்டில் ரவிவன், "மன்னிப்புக் கேட்டுடவாப்பா? ஒரு கையெழுத்துக்குத்தானே," என்றாள்.

"செய்யாத தப்புக்கா? அதுக்கு வேற வீட்டுல பொறந்திருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு நான் தயாரித்துக் கொடுத்த மாதிரி சுத்தமானது என்று காட்டக் குறிப்பேட்டை எடுத்தேன்.

"சண்டைக்கா பெரியப்பா?" என்றான் ஒரு மாணவன். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் நான் பெரியப்பாதான்.

"வாய மூடு."

கிளைகளை நடுவில் ஒட்டும்போது ஒட்டாத தனிக்கிளைகள் மிஞ்சும். அவற்றிலும் சாயம் இருக்கும், அவை வேகமாக ஓடும். மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கனமானதை அடியில் படியவைத்து, மேலே நிற்பதைக் கொட்ட வேண்டும். மூன்று முறை. குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இரண்டு தேதிகள்தான் இருந்தன. மூன்றாம் படிவு நாளில் நான் பத்தாம் மாத முன்னோர் படையலுக்கு நக்கோன் ஊர்க் கோவிலில் இருந்தேன். திரும்பி வந்ததும் புட்டியில் 'சுத்தம்' என்று சீட்டு ஒட்டியதும் நான்தான்.

கடைத்தெருவுக்குப் போய்ப் பூத்தட்டு வாங்கினேன்.

அன்றைய ஆய்வுக் கூட்டம் தொடங்கியதும் தவீயின் முன் மண்டியிட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயோ, என்ன பெரியப்பா இது, எந்திரிங்க!"

"தப்பு என்னோடது. மூணாம் படிவு எடுக்கல. ஓடினது ஒட்டாத துண்டுங்க. இருந்தத அவ சரியா அளந்திருக்கா. என் தட்டு இதோ இருக்கு, ஆஜான். எம் பொண்ணப் பொய்க்காரின்னு சொன்னீங்களே, உங்க தட்டு எங்க?"

தவீ குறிப்பேட்டை இருமுறை படித்தார்.

"மூணாவதையும் எடுத்துக் குடுங்க. திரும்ப அளக்கட்டும். கையெழுத்துப் போடுறேன்."

பிறகு ரவிவன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நெஞ்சு உயரத்துக்குத்தான்; மன்னிப்பென்றால் எங்கள் வழக்கப்படி கை நெற்றிவரை போக வேண்டும்.

எனக்கு அது போதாது.