மூஷ் கப்பலின் பணி வரலாறு

பிரெஞ்சுக் கடற்படையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்கால் திரும்பிய ஆன்ரி, வந்த நாள் முதல் ஏவுகணைக் கப்பல் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கைத் தழும்பு வளைகுடாப் போரில் பட்டதாம். கப்பலின் பெயரைக் கேட்டால், "அது ராணுவ ரகசியங்க" என்பார்.

இந்த வருடம் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தமியேன் செயலாளராக வந்தார். நாற்பது வயது, கம்ப்யூட்டர் தெரிந்தவர். பழைய காகிதங்களைப் புரட்டி அந்தக் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தின விழாவுல அதோட வரலாற்றை வாசிக்கப்போறேன் சார்!"

ஆன்ரி திருநள்ளாற்றில் கல்யாணம் என்று நழுவப் பார்த்தார். மனைவி ஆன்தோனெத் விடவில்லை.

"முப்பது வருஷமா நீங்க பேசுனத நான் கேட்டேன்ல? ஒரு நாள் நீங்க கேளுங்க."

விழாவில் தமியேன் கணீரென்று வாசித்தார். "மூஷ். இழுவைப் படகு. ஆயுதம், இல்லை."

"பிரெஞ்சுல மூஷ்னா மொய்க்கிற ஈதானே?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

படகு ஓடிய இருபத்திரண்டு வருடமும் ஒரே துறைமுகம். பெரிய கப்பல்களைத் தள்ளிக் கரைசேர்த்தது. குப்பைத் தோணி இழுத்தது. ஒருமுறை பெயிண்ட் அடிக்கப் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் இன்ஜின் நின்று, இன்னொரு இழுவைப் படகு இழுத்து வந்தது. எண்பத்தேழில் வடம் அறுந்து மாலுமி ஆன்ரிக்கு இடது கையில் காயம். மொத்தம் ஒன்பதாயிரம் கப்பல்கள்.

ஒன்பதாயிரமா? ஆன்ரிக்கே அது புதுச் செய்தி. ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. சிரிப்புக் கிளம்பப்போகிறதே என்று உடனே தலை குனிந்தது.

தமியேன் அடுத்த தாளை எடுத்தார். "இனி வருஷத்துக்கு ஒருத்தர். எல்லாரோட ஃபைலும் கிடைச்சிருச்சு. அடுத்தது கோவிந்தராசு ஐயா."

நாற்பது முறை விமானத்திலிருந்து குதித்ததாகச் சொல்லிவந்த கோவிந்தராசுவுக்கு முகம் வெளிறியது. துள்ளி எழுந்தார்.

"இழுவைப் படகுன்னா லேசா? அது இல்லாட்டி போர்க்கப்பல் கரைக்கு வருமா?" என்று கை தட்டினார். முன்வரிசை தட்டியது. பின்வரிசை அதைவிடப் பலமாகத் தட்டியது. ஆன்ரிக்கு மாலை விழுந்தது.

மறுவாரமே அவசரக் கூட்டம். சங்கத்தின் கண்ணியத்தைக் காக்கத் தவறியதற்காகத் தமியேனை நீக்கத் தீர்மானம். ஒன்பதாயிரம் கப்பலைத் தனக்குத் தேடிக் கொடுத்தவர் எதிரே திகைத்து உட்கார்ந்திருப்பதை ஆன்ரி பார்த்தார்.

பார்த்துக்கொண்டேதான், தீர்மானத்துக்கு ஆதரவாக முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.