கயிற்றில் கோர்த்த எட்டு எலும்புகள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தொட்டியக்கா என்று பேர். ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் கத்தி, கத்தரி, இடுக்கி என்று பதினோரு வருஷமாகக் கழுவுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கதவுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், அதே கத்தரியை டாக்டர் கையில் எடுத்துக் கொடுக்கும் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. மூன்று தடவைதான் போகலாம். இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று.

"இதுவும் போச்சுன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் தொட்டிதான்" என்று தலைமை நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவள் பேச்சே அப்படித்தான்.

தோற்றதற்குக் காரணம் நெட்டுரு. எலும்புப் பெயர்களைத் தொட்டியக்கா கிளிப்பிள்ளை மாதிரி வரிசையாக ஒப்பிப்பாள். நடுவில் ஒன்றைக் கேட்டால் போச்சு. முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தால்தான் அது நாக்கில் வரும். அதுவரை எந்த மகராசன் காத்திருப்பான்?

மூன்றாவது தடவைக்கு ஆறு மாதம் இருக்கும்போது, பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த மருத்துவ அகராதி ஒன்று கிடைத்தது. பக்கவாதத்தை இன்னமும் 'அபோப்ளெக்ஸி' என்று அழைக்கும் அளவுக்குப் பழசு. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்று அதில் போட்டிருந்தது. அபோப்ளெக்ஸி என்றால் கிரேக்க மொழியில் அடித்துச் சாய்ப்பது. முழங்கால் சில்லுக்குப் 'பட்டெல்லா' என்று பேர். லத்தீனில் சின்னச் சட்டி. தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் 'கிளாவிக்கிள்' ஒரு குட்டிச் சாவி. தசைக்குச் சொல்லும் 'மசில்' ஒரு சுண்டெலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. வாயில் நுழையாத பேர் வைத்து இத்தனை நாள் மிரட்டிய பெரிய மனிதர்கள், வீட்டில் கிடந்த சட்டி பானையைப் பார்த்துத்தானா பேர் வைத்தார்கள்? இதை ஏன் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை?

அன்றிலிருந்து அவள் பேரை ஓதுவதை விட்டுவிட்டு எலும்பைப் பார்க்க ஆரம்பித்தாள். தையல்கடை வைத்திருக்கும் நாத்தனார்தான் கேள்வி கேட்பாள்.

"ஏன் அண்ணி, அப்போ என் முட்டியில எண்ணெய் காய வைக்கலாமா?"

வைக்கலாம், அடுப்பு பற்றவைக்க ஆள் வேண்டுமே என்றாள் தொட்டியக்கா. இருவரும் சிரித்த சிரிப்பில், மெக்கானிக் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த அவள் புருஷன் தூக்கம் கெட்டு எழுந்து வந்தார்.

தேர்வு நாள் வந்தது. அவளுக்கு முன்னால் பதின்மூன்று பேர். தேர்வாளர் ஒரு சிடுமூஞ்சி டாக்டர். மேசைமேல் மணிக்கட்டின் எட்டுக் குட்டி எலும்புகள் கயிற்றில் கோர்த்துக் கிடந்தன. அவர் கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு பென்சிலால் முதல் எலும்பைத் தொட்டார்.

"ஹேமேட்" என்றாள்.

தப்பு என்றார். அடுத்தது 'கேபிடேட்' என்றாள். அதுவும் தப்பு. மூன்றாவதற்கும் தாளில் பெருக்கல் குறி விழுந்தது. ஐந்து தப்பானால் வெளியே. பழைய வரிசையை ஒப்பித்துவிடு, பிழைத்துப் போ என்று மனசு கெஞ்சியது. கண்ணுக்கு முன்னால் கிடப்பதை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஐயா, தாளை விட்டுட்டு எலும்பைக் கொஞ்சம் பாருங்க. முதல்ல இருக்கறதுல கொக்கி நீட்டிட்டு நிக்குது. ஹேமேட்னா கொக்கி. ரெண்டாவதுக்கு உருண்டையா தலை இருக்கு. கேபிடேட்னா தலையுள்ளது. அஞ்சாவது பட்டாணி, அது பைசிஃபார்ம். ஏழாவது பிறைநிலா, லூனேட். உங்க தாள்ல முதல்ல இருக்கற ஸ்கேஃபாய்டு, படகு, அது இங்க கடைசியில கிடக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கயிற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சிவந்தது. எலும்பறை ஊழியரைக் கூப்பிட்டார். போன வாரம் கழுவிக் காயவைத்துக் கோர்த்தபோது அந்த மனிதர் அடியிலிருந்து ஆரம்பித்துவிட்டாராம். வரிசை அப்படியே தலைகீழ்.

"பதிமூணு பேர் தாள்ல இருக்கற மாதிரியே சொன்னாங்களே" என்றார் டாக்டர். அப்புறம் அவரே குரலை இறக்கி, "அவங்களும் பார்க்கலை, நானும் பார்க்கலை" என்றார்.

மிச்ச எலும்புகளையும் கேட்டுச் சரிபார்த்தார். மூன்று பெருக்கல் குறிகளையும் அழித்துவிட்டு, எட்டுக்கு எட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அவர் எழுதுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் நகர்ந்தாள். வெளியே, பாஸ் என்று நினைத்து டீ குடித்துக்கொண்டிருந்த பதின்மூன்று பேரையும் ஊழியர் மறுபடி உள்ளே அழைத்தார். அவர்களுக்கு வழிவிட்டு நடுவே நடந்தபோது அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். கண்ணும் நிறைந்தது. துடைக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான்தான். தொட்டிக்கு வேற ஆள் பாருங்க."